இரவல் டாக்டர் எத்தனை நாளைக்கு? – வாசகர் கேள்வி பதில்

டாக்டர், நர்ஸ் பற்றாக்குறையை வளரும் நாடுகள் தங்களுக்குள் கைகொடுத்துச் சமாளிப்பது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: கியூபாவே கஷ்டத்தில் இருக்கிற நாடு. அது எப்படி ஊருக்கெல்லாம் டாக்டர் அனுப்புகிறது? இல்லாதவனிடம் இல்லாதவன் கடன் கேட்ட கதையாக அல்லவா இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: இல்லாமை எல்லா வீட்டிலும் ஒன்றுபோல இருப்பதில்லை, ஐயா. ஒரு வீட்டில் அரிசி இருக்கும், விறகு இருக்காது. அடுத்த வீட்டில் நேர்மாறாக இருக்கும்.

1959 புரட்சிக்குப் பிறகு கியூபாவிலிருந்த சுமார் 6,000 டாக்டர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நாட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்த நிலையிலும் 1963-ல், பிரெஞ்சு டாக்டர்கள் காலிசெய்துவிட்டுப் போன அல்ஜீரியாவுக்கு ஐம்பத்துச் சொச்சம் பேர் கொண்ட குழுவை அனுப்பினார்கள். கையில் உபரி இருந்து அனுப்பவில்லை. அது அரசியல் முடிவு. உபரி பிறகுதான் வந்தது. மருத்துவக் கல்லூரிகளை வரிசையாகத் திறந்து, தங்கள் தேவைக்கு மேலேயே டாக்டர்களைத் தயாரித்தார்கள். 2000-க்குப் பிறகு வெனிசுவேலாவுக்கு டாக்டர் போனார், அங்கிருந்து எண்ணெய் வந்தது. தர்மம், வியாபாரம் இரண்டும் அதில் கலந்தே இருக்கின்றன.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். கானாவில் நர்சிங் முடித்தவர்கள் அரசு வேலைக்குக் காத்துக்கிடக்கிறார்கள். கல்லூரிகள் ஆட்களைத் தயாரிக்கின்றன, கஜானாவில் சம்பளத்துக்குப் பணம் இல்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆள் பற்றாக்குறை நாடுகள்' பட்டியலில் கானா இருக்கிறது. 2020 ஜூலையில் அங்கிருந்து 95 நர்ஸ்கள் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கரீபியன் தீவான பார்படாஸுக்குப் போனார்கள்.

இது முரண்பாடு போலத் தெரியும். 'பற்றாக்குறை' என்ற ஒரே சொல்லை இரண்டு அர்த்தத்தில் வைத்துப் பேசுவதால் வருகிற குழப்பம் அது. ஜனத்தொகைக்கு எத்தனை பேர் வேண்டும் என்பது ஒன்று. 2006-ல் உலக சுகாதார நிறுவனம் 1,000 பேருக்கு டாக்டர், நர்ஸ், மருத்துவச்சி எல்லோரும் சேர்ந்து 2.28 பேர் என்று அளவுகோல் வைத்து, 57 நாடுகள் அதற்குக் கீழே இருப்பதாகச் சொன்னது. 2016-ல் அந்த அளவுகோலை 4.45 ஆக உயர்த்தியது. சம்பளத்தோடு அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை என்பது இன்னொன்று. முதல் எண்ணைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆள் வருவதும் போவதும் இரண்டாவது எண்ணால்தான்.

கேள்வி: கென்யாவில் உள்ளூர் டாக்டர்கள் வேலை கேட்டுத் தெருவில் நிற்கும்போது கியூபா டாக்டர்களைக் கூட்டி வந்தார்களாம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதானே?
– நர்சிங் கண்காணிப்பாளர், சேலம்

பதில்: விரட்டவில்லை. ஆனால் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

2018-ல் கென்யா வரவழைத்தது 100 பேரை. நாட்டில் 47 கவுண்டிகள், அதாவது நம் மாவட்டம் போன்றவை. ஒரு கவுண்டிக்கு இரண்டு பேர் என்று பங்கு போட்டார்கள். வந்தவர்கள் குடும்ப மருத்துவர்களும் ஸ்பெஷலிஸ்டுகளும். கூடவே 50 கென்ய டாக்டர்களைக் குடும்ப மருத்துவம் படிக்கக் கியூபாவுக்கும் அனுப்பினார்கள். காகிதத்தில் நல்ல திட்டம். ஆனால் 2016 டிசம்பரில் தொடங்கி 2017 மார்ச் வரை 100 நாள் ஸ்டிரைக் செய்து, சம்பள ஒப்பந்தத்தை அமல்படுத்தப் போராடிய டாக்டர்கள் சங்கத்துக்கு, அடுத்த வருஷமே அரசு வெளிநாட்டு ஆளுக்குப் பணம் ஒதுக்கினால் எப்படி இருக்கும்?

இந்தச் சண்டையில் 'கவுண்டிக்கு இரண்டு' என்ற கணக்கை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால், ஒரே ஒரு நாற்காலியை இரவும் பகலும் நிரப்ப 3.5 பேர் வேண்டும். விடுப்பு, காய்ச்சல், பயிற்சி என்று ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 4.2 பேர். இரண்டு பேரை வைத்து 24 மணி நேரச் சேவை நடத்த முடியாது. அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க மட்டும் முடியும்.

ஸ்பெஷலிஸ்ட் வந்து இறங்கினால் மட்டும் ஆபரேஷன் நடந்துவிடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மயக்க மருந்து கொடுப்பவர், கருவி எடுத்துக்கொடுக்கும் நர்ஸ், வெளியே ஓடியாடும் நர்ஸ், கருவிகளைக் கொதிகலனில் சுத்திகரிப்பவர், ரத்த வங்கி, தடையில்லாத ஆக்சிஜன், தடையில்லாத கரண்ட் – இதில் ஒன்று குறைந்தாலும் சர்ஜன் வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து மாத்திரை எழுதுவார். அயல்நாட்டு ஆளை அழைக்கும் அரசுகள் அந்தப் பட்டியலின் முதல் வரியை மட்டும் வாங்கிவிட்டு மீதியை மறந்துபோகின்றன.

2019 ஏப்ரலில் சோமாலிய எல்லையோர மண்டேராவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு கியூப டாக்டர்கள் கடத்தப்பட்டார்கள். உடனே ஆபத்தான எல்லைப் பகுதிகளிலிருந்து மற்றவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆள் மிகவும் தேவைப்பட்ட இடம் முதலில் காலியானது. 2023-ல் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று அரசு அறிவித்தது. அதோடு உள்ளூர்ப் பிரச்சினை தீர்ந்ததா? 2024 மார்ச் முதல் மே வரை 56 நாள் மறுபடி ஸ்டிரைக். படிப்பு முடித்த பயிற்சி டாக்டர்களைப் பணியில் அமர்த்தவில்லை என்பதும் அவர்கள் சம்பளமும்தான் அதில் முக்கியச் சண்டை. பிடாரி போன பிறகும் ஊர்ப் பிடாரிக்குக் கோயில் கட்டவில்லை.

கேள்வி: கியூப டாக்டருக்கு வெளிநாட்டில் என்ன சம்பளம்? பெரும்பகுதியைக் கியூப அரசே எடுத்துக்கொள்கிறது என்கிறார்கள்.
– மருத்துவ மாணவி, தஞ்சாவூர்

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். கணக்கு வெளிச்சத்துக்கு வந்த பெரிய திட்டம் பிரேசிலின் 'மைஸ் மெடிகோஸ்', அதாவது 'இன்னும் டாக்டர்கள்'. அதையே எடுத்துக்கொள்வோம்.

2013-ல் அதிபர் டில்மா ரூசெஃப் அரசு தொடங்கியது. பணியிடம் நிரப்பும் வரிசை இது: முதலில் பிரேசிலில் பதிவு பெற்ற டாக்டர்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கலாம், பிறகு வெளிநாட்டில் படித்த பிரேசில்காரர்கள், பிறகு தனியாக விண்ணப்பிக்கும் அயல்நாட்டவர். இவர்கள் யாருமே தொடாத ஊர்கள்தான் கியூபர்களுக்கு. இந்த வரிசையால், 'எங்கள் வேலையைப் பறித்தார்கள்' என்ற வாதம் பாதி அடிபட்டுப்போனது. நல்ல யோசனை. இதை மற்ற நாடுகள் காப்பியடிக்காதது எங்களுக்கு ஆச்சரியம்தான்.

பணம் போன வழி இது. ஒரு டாக்டருக்கு மாதம் சுமார் 10,000 ரியால் (பிரேசில் நாணயம்) என்று பிரேசில் அரசு, உலக சுகாதார நிறுவனத்தின் அமெரிக்கக் கண்டப் பிரிவான பான் அமெரிக்க சுகாதார அமைப்புக்குக் கொடுத்தது. அமைப்பு நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம் பிடித்துக்கொண்டு, மீதியைக் கியூப அரசுக்கு அனுப்பியது. டாக்டர் கைக்கு ஆரம்பத்தில் மாதம் 400 டாலர், ஊரில் அவர் கணக்கில் 600 டாலர். சத்தம் எழுந்த பிறகு 2014-ல் 1,245 டாலராக உயர்த்தினார்கள். அன்றைய மாற்று விலையில் 10,000 ரியால் 4,000 டாலருக்கு மேல் என்பதை வைத்து நீங்களே பங்கைப் போட்டுப் பார்க்கலாம். வீடு, சாப்பாடு நகராட்சியின் பொறுப்பு.

கியூப அரசு சொல்லும் நியாயம்: இலவசமாகப் படிக்க வைத்தோம், அந்தப் பணத்தில்தான் உள்நாட்டு மருத்துவமனைகள் ஓடுகின்றன. எதிர்த்தரப்பு சொல்வது: இது கட்டாய உழைப்பு. பாதியில் விலகுகிறவர் எட்டு ஆண்டு வரை நாடு திரும்ப முடியாது என்ற தடை இருக்கும்போது, எதிர்த்தரப்பு வாதத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. 2025-ல்கூட இந்தத் திட்டத்தைக் காரணம் காட்டிப் பிரேசில் அதிகாரிகள் சிலரின் விசாவை அமெரிக்கா ரத்து செய்தது. அதில் மனித உரிமை எவ்வளவு, பழைய பகை எவ்வளவு என்பது உங்கள் ஊகத்துக்கு.

2018 நவம்பரில் சங்கிலி அறுந்தது. சம்பளம் முழுவதும் டாக்டர் கைக்கே, தகுதித் தேர்வு கட்டாயம், குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி என்று தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் பொல்சொனாரோ நிபந்தனை போட, கியூபா 8,300-க்கு மேற்பட்டவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. காலியான இடங்களுக்குப் பிரேசில் டாக்டர்களைக் கேட்டு விளம்பரம் செய்த சில நாட்களில் எல்லா இடமும் நிரம்பியதாகக் காகிதம் சொன்னது. சில மாதங்களில் அவர்களில் கணிசமானோர் நகரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அதிகம் அடிபட்டவை அமேசான் பழங்குடிச் சுகாதார மாவட்டங்கள். அங்கே டாக்டர்களில் பெரும்பான்மை கியூபர்கள்.

அந்த 2013 திட்டத்திலேயே 11,500 புதிய எம்.பி.பி.எஸ். நிலை இடங்களும், அதற்கு மேல் 12,400 முதுநிலைப் பயிற்சி இடங்களும் உருவாக்கவேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். இரவல் டாக்டர் இருக்கும் காலத்துக்குள் சொந்த டாக்டர் வளரட்டும் என்ற கணக்கு. 2023-ல் திட்டம் மறுபடி வந்தபோது அதைப் பெரும்பாலும் பிரேசில் டாக்டர்களை வைத்தே நடத்த முடிந்தது.

கேள்வி: ஆளை அனுப்புவதைவிட, அவர்கள் நாட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து படிக்க வைப்பது நல்லதல்லவா? படித்தவர்கள் திரும்பிப் போவார்களா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மூன்று வகை உண்டு. முதல் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மூன்றாவதில் கொஞ்சம் நிற்கிறோம்.

ஒன்று, மொத்தப் படிப்பும் வெளிநாட்டில். 1998-ல் மிட்ச், ஜார்ஜஸ் புயல்கள் மத்திய அமெரிக்காவையும் கரீபியனையும் புரட்டிப்போட்ட பிறகு, ஹவானாவில் பழைய கடற்படைப் பயிற்சிக்கூடத்தை லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளியாக மாற்றி 1999-ல் திறந்தார்கள். முதலில் ஸ்பானிஷும் அடிப்படை அறிவியலும், பிறகு ஆறு வருடப் படிப்பு. இதுவரை நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 30,000-க்கு மேற்பட்டவர்கள் முடித்திருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்கா 1997 முதல் மண்டேலா–காஸ்ட்ரோ திட்டத்தில் மாணவர்களை அனுப்புகிறது. சிக்கல் படிப்பின் தரத்தில் இல்லை, நோயில் இருக்கிறது. கியூபாவில் பொது மருத்துவர் நோய்த்தடுப்பிலும் வீட்டுக்கு வீடு பார்ப்பதிலும் கெட்டிக்காரர். தென்னாப்பிரிக்காவின் மாவட்ட மருத்துவமனையில் அதே டாக்டர் இரவு இரண்டு மணிக்குச் சிசேரியன் செய்யவேண்டும், முதுகுத்தண்டில் மயக்க மருந்து போடவேண்டும், கத்திக்குத்து நெஞ்சில் குழாய் சொருகவேண்டும், எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்த நோயாளியைப் பார்க்கவேண்டும். அதனால் திரும்பியவர்களை உள்ளூர் மருத்துவக் கல்லூரிகளில் சுமார் ஒன்றரை வருடம் உட்காரவைக்கிறார்கள். 2018-ல் ஒரே நேரத்தில் 700-க்கு மேற்பட்டவர்கள் திரும்ப, படுக்கையருகே சொல்லிக்கொடுக்க ஆசிரியர் போதவில்லை. அனுப்பும்போதே, திரும்பும் வருஷத்துக்கான ஆசிரியர் இடங்களை எண்ணியிருக்க வேண்டும்.

இரண்டாவது, படிப்பும் சேவையும் சேர்ந்து வருவது. 2002-ல் விடுதலை பெற்ற கிழக்குத் திமோரில் டாக்டர்கள் மிகச் சிலரே இருந்தார்கள். 2003-ல் கோலாலம்பூர் அணிசேரா மாநாட்டில் கியூபா கைகொடுக்க முன்வந்தது. ஏறக்குறைய 700 மாணவர்கள் கியூபா போனார்கள். இன்னொரு பக்கம் கியூப டாக்டர்கள் திமோருக்கு வந்து கிராமங்களில் உட்கார்ந்தார்கள். தலைநகர் திலியில் மருத்துவப் பிரிவும் தொடங்கியது. மாணவர்கள் கடைசிக்கட்டப் பயிற்சிக்கு ஊர் திரும்பியபோது, அங்கே அதே கியூப ஆசிரியர்கள் காத்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் இல்லாமல்போன கண்ணி அதுதான்.

மூன்றாவது, மாணவர் ஊரைவிட்டே போகாத வழி. 1999-ல் தொடங்கிய கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, சுருக்கமாகக் கோசெக்சா. தலைமையகம் தான்சானியாவின் அருஷா. கல்லூரி என்கிறோம், வகுப்பறையும் கிடையாது, விடுதியும் கிடையாது. எத்தியோப்பியாவிலிருந்து ஜிம்பாப்வே வரை 14 நாடுகளில், தகுதி பார்த்து அங்கீகரித்த மருத்துவமனைகளே அதன் வளாகம். எம்.பி.பி.எஸ். முடித்தவர் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே, சம்பளம் வாங்கிக்கொண்டே பயிற்சி பெறுகிறார். செய்த ஒவ்வொரு ஆபரேஷனையும் பதிவேட்டில் ஏற்றவேண்டும்: தானே செய்ததா, மேற்பார்வையில் செய்ததா, உதவி மட்டுமா என்று. இரண்டு வருடத்தில் முதல் பட்டம், மேலும் மூன்று வருடத்தில் ஸ்பெஷலிஸ்ட். தேர்வாளர்கள் பல நாட்டிலிருந்து வருவார்கள். சொந்த ஆசிரியர் சொந்த மாணவருக்கு மார்க் போட்டுத் தள்ளிவிட முடியாது. அயர்லாந்தின் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரி 2007 முதல் பக்கபலமாக இருக்கிறது.

திரும்பிப் போவார்களா என்றீர்கள். கிளம்பினால்தானே திரும்ப? அந்த வட்டாரத்தில் 1974 முதல் 2013 வரை தேறிய அறுவை ஸ்பெஷலிஸ்டுகளைத் தேடிக் கணக்கெடுத்த ஆய்வில் 85 சதவீதம் பேர் பயிற்சி பெற்ற நாட்டிலேயே இருந்தார்கள், 93 சதவீதம் பேர் ஆப்பிரிக்காவுக்குள்ளேயே இருந்தார்கள். இதிலும் குறை உண்டு. அங்கீகாரம் பெறப் பயிற்றுநர் வேண்டும். பயிற்றுநர் தலைநகரில் இருப்பார். எல்லையோர மருத்துவமனைக்கு அங்கீகாரம் கிடைக்காது, அதனால் பயிற்சி மாணவரும் கிடைக்கமாட்டார்.

கேள்வி: டாக்டர் அல்லாதவர் சிசேரியன் செய்யும் நாடு இருக்கிறதாமே? ஆபத்தில்லையா?
– கிராம சுகாதார செவிலியர், தருமபுரி மாவட்டம்

பதில்: இருக்கிறது. மொசாம்பிக். 1975-ல் விடுதலை கிடைத்தபோது போர்ச்சுகீசிய டாக்டர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். பின்னாலேயே உள்நாட்டுப் போர். 1984-ல், கிராமப்புறத்தில் வேலை பார்த்துப் பழக்கப்பட்ட மருத்துவப் பணியாளர்களைத் தேர்ந்தெடுத்து மூன்று வருடப் பயிற்சி தொடங்கினார்கள்: இரண்டு வருடம் தலைநகர் மபுடோவின் மத்திய மருத்துவமனை, ஒரு வருடம் மாகாண மருத்துவமனை. பெயர் 'தெக்னிகோ தெ சிருர்ஜியா', அதாவது அறுவைத் தொழில்நுட்பர். சிசேரியன், கருப்பை கிழிசல், குழாய்க் கர்ப்பம், சிக்கிக்கொண்ட குடலிறக்கம் போன்ற உயிர்போகும் அவசரங்களே அவர்கள் வேலை.

ஆபத்தா என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மபுடோவில் 2,071 சிசேரியன்களை ஒப்பிட்டபோது, டாக்டர் செய்ததற்கும் இவர்கள் செய்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காயத்தின் மேல்தோல் பிரிவது மட்டும் இவர்களிடம் சற்றே கூட. 2002-ல் மாவட்ட மருத்துவமனைகளில் நடந்த பெரிய மகப்பேறு அறுவைகளில் 92 சதவீதம் இவர்கள் கையால் நடந்தவை. மாவட்டத்துக்கு அனுப்பி ஏழு வருடம் கழித்துப் பார்த்தால், இவர்களில் 88 சதவீதம் பேர் அங்கேயே இருந்தார்கள். அனுப்பிய டாக்டர்களில் ஒருவர்கூட இல்லை.

ஏன் இருந்தார்கள்? ஊர்ப்பற்று ஒரு காரணம். அந்தச் சான்றிதழ் எல்லைக்கு அப்பால் செல்லாது என்பது இன்னொரு காரணம். அதைச் சாதனை என்று மட்டும் சொல்லிக்கொள்வது எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. டாக்டர் வேலையைச் செய்து டாக்டர் சம்பளம் வாங்காதவர், மேலே போகப் படிக்கட்டு இல்லாதவர், தனியாளாக இரவும் பகலும் அழைப்பில் இருப்பவர் சலித்துப்போவார். இந்த வகைப் பணியாளரை உருவாக்க நினைக்கும் நாடு முதல் நாளே மூன்றை எழுதிவைக்கவேண்டும்: எந்தெந்த ஆபரேஷன் வரை, தவறு நடந்தால் சட்டப் பொறுப்பு யாருக்கு, பத்து வருடம் கழித்து அவருக்கு என்ன பதவி. மலாவி, தான்சானியாவிலும் இதேபோன்றவர்கள் உண்டு; எத்தியோப்பியா 2009-ல் தொடங்கியது.

நம் ஊரிலும் இதன் தூரத்து உறவு ஒன்று இருக்கிறது. எம்.பி.பி.எஸ். டாக்டருக்குச் சில மாதம் உயிர்காக்கும் மயக்க மருந்துப் பயிற்சி கொடுத்துச் சிசேரியனுக்குத் துணை நிற்க வைப்பதும் இதே யோசனைதான்.

கேள்வி: ஆளே போகாமல் வீடியோ வழியாகச் சமாளிக்க முடியாதா?
– பொறியாளர், ஓசூர்

பதில்: கொஞ்சம் முடியும். இந்தியா 2009-ல் தொடங்கிய பான் ஆப்பிரிக்க மின்வலையமைப்பு, 2019-ல் அதன் அடுத்த கட்டமான இ-ஆரோக்கிய பாரதி இரண்டும் இதற்கே. எக்ஸ்ரே, ஸ்கேன் படத்துக்கு இரண்டாம் கருத்து, நர்ஸ்களுக்கு வகுப்பு – நன்றாக வேலை செய்யும். மறுமுனையில் நோயாளியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல ஒரு பயிற்சி பெற்ற கை இல்லையென்றால், திரையில் தெரிவது வெறும் முகம். பெரும்பாலும் இவை முடங்குவது கேபிளால் அல்ல: இரு நாட்டு நேர வித்தியாசத்தில் யார் எப்போது உட்காருவது என்று ஒருவருடைய பணிப்பட்டியலிலும் ஏறாததால்தான்.

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு வருட அனுபவம். மாலத்தீவில் வேலை என்று ஏஜென்ட் கூப்பிடுகிறார். போகலாமா? நம் நாட்டிலேயே நர்ஸ் குறைவு என்று வீட்டில் அப்பா சொல்கிறார்.
– ஸ்டாஃப் நர்ஸ், மதுரை

பதில்: அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நீங்கள் போவது தப்பு என்று யாரும் சொல்லமுடியாது. 2010-ல் உலக நாடுகள் ஏற்ற நெறிமுறை, நாடுகள் ஆள் பிடிப்பதற்குத்தான் கட்டுப்பாடு சொல்கிறது. தனி மனிதர் போகும் உரிமையைத் தொடவில்லை. ஆள் பிடிக்கக்கூடாத நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட 55 நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை. மாலத்தீவு பல காலமாக இந்திய, இலங்கை டாக்டர், நர்ஸ்களை நம்பித்தான் தீவுகளை ஓட்டுகிறது.

கையெழுத்துக்கு முன் பார்க்கவேண்டியவை. வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு ஏஜென்சிகள் வழியாக மட்டுமே எடுக்கவேண்டும் என்பது 2015 முதல் விதி; தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். மாலத்தீவு அந்த 18-ல் இல்லை, எனவே தனியார் ஏஜென்ட் கூப்பிடலாம். அவர் உரிமம் பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சம். இரண்டு லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலிடமிருந்து நற்சான்று, போலீஸ் சான்று, அனுபவச் சான்று மூன்றையும் முதலில் போடுங்கள். தாமதம் அங்கேதான் வரும். ஒப்பந்தத்தில் 'மாலத்தீவு' என்று மட்டும் இருந்தால் போதாது, எந்தத் தீவு என்று கேளுங்கள். தலைநகர் மாலேயின் மருத்துவமனைக்கும் தூரத் தீவின் சுகாதார நிலையத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தூரத் தீவில் இரவில் பிரசவம் சிக்கினால் படகைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை ரத்தப்போக்கை நீங்கள்தான் பிடித்து நிறுத்தவேண்டியிருக்கும். வார்டில் மட்டுமே வேலை செய்திருந்தால், போவதற்குமுன் இரண்டு மாதம் பிரசவ அறையில் நில்லுங்கள்.

சம்பளம் டாலரா, மாலத்தீவு நாணயமான ரூஃபியாவா என்பதும் முக்கியம். ரூஃபியாவாகத் தந்தால், அதை டாலராக்கி ஊருக்கு அனுப்ப வங்கியில் மாத உச்சவரம்பு இருக்கும். வீட்டுக் கடன் தவணை கட்டவேண்டியவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளை மருத்துவமனை ஓர் ஆப்பிரிக்க மாவட்ட மருத்துவமனையோடு ஆள் பரிமாற்றம் செய்ய விரும்புகிறது. ஒப்பந்தத்தில் எதை விடக்கூடாது?
– நிர்வாக அலுவலர், கோயம்புத்தூர்

பதில்: சீனாவைப் பாருங்கள். 1963 முதல் மருத்துவக் குழு அனுப்புகிறது. ஒரு நாட்டுக்கு ஒரு மாகாணம் என்று பிணைத்திருக்கிறது. அல்ஜீரியாவுக்கு ஹூபெய், தான்சானியாவுக்கு ஷான்டாங். குழு மாறினாலும் அனுப்பும் இடம் மாறுவதில்லை, எனவே போகிறவருக்குப் போய்வந்தவர் பக்கத்து அறையிலேயே கிடைப்பார். நீங்களும் ஒரே மருத்துவமனையோடு ஐந்து வருடம் என்று எழுதுங்கள். ஐந்து மருத்துவமனையோடு ஒரு வருடம் வேண்டாம்.

தற்காலிகப் பதிவு கையில் வராமல் டிக்கெட் போடாதீர்கள். அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலின் பதிவு இல்லாமல் தொட்ட முதல் நோயாளிக்கு ஏதாவது ஆனால், நல்லெண்ணம் கோர்ட்டில் எடுபடாது. எந்த வேலை வரை செய்யலாம், தொழில்முறைக் காப்பீடு யார் கட்டுவது என்பதைத் தனித் தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடவேண்டும்.

மொழிக்கு ஆறு முதல் எட்டு வாரம் வையுங்கள். முழு மொழி வேண்டாம். 'எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, கடைசி மாதவிலக்கு எப்போது, மூச்சை இழுத்துப் பிடி' என்று இருநூறு வாக்கியம். மொழிபெயர்ப்பாளரை மட்டும் நம்பினால் இரவுப் பணியில் அவர் இருக்கமாட்டார்.

போகிற ஒவ்வொருவருக்கும் அங்கே ஓர் இணை ஆளின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். அவருடைய வேலையை இவர் செய்வதற்காகப் போகவில்லை, அவரோடு சேர்ந்து செய்யப் போகிறார். இணை ஆளுக்கு உங்கள் ஆள் வந்ததும் லீவு கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இணை ஆள் இல்லாத நாட்களில் உங்கள் ஆள் வார்டுக்குப் போகமாட்டார் என்றே எழுதலாம். கடுமையாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும். ஒரு குழு கிளம்பும் முன் அடுத்த குழு வந்து இரண்டு வாரமாவது சேர்ந்து இருக்கவேண்டும்.

அங்கிருந்து இங்கே வருபவர்களுக்குத் தங்குமிடம் மட்டும் போதாது. நம் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் அவர்கள் நோயாளியைத் தொடமுடியாது. அது கிடைக்காவிட்டால் மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்பே போடுங்கள்.

கருவி அனுப்புவதாக இருந்தால், அங்கே வோல்டேஜ் எப்படி, சாக்கெட் எந்த வகை, எத்தனை மணி நேரம் கரண்ட் என்று கேட்ட பிறகே அனுப்புங்கள். ஒவ்வொரு கருவியோடும் இரண்டு வருடத்துக்கான ஃபில்டர், ஃப்யூஸ், பேட்டரி கூடவே போகவேண்டும். உங்கள் பயோமெடிக்கல் டெக்னீஷியன் ஒருவரை முதல் குழுவிலேயே பதினைந்து நாளுக்கு அனுப்பிவையுங்கள். டாக்டருக்கு முன்னால் அவர் போனால் இன்னும் நல்லது.